காபி ஆய்வுகளை நம்பலாமா? உங்க கேள்வி, எங்க பதில்

கேள்வி: மேடம், போன மாசம் காபி இதயத்துக்கு நல்லதுன்னு பேப்பர்ல படிச்சேன். இந்த மாசம் எங்க நாத்தனார் காபியால கேன்சர் வரும்னு வீடியோ அனுப்பறாங்க. ரெண்டுலயும் "ஆய்வு சொல்லுது"ன்னுதான் இருக்கு. இதெல்லாம் நம்பறதா வேணாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மொத்தமா நம்பு, நம்பாதேன்னு சொல்ல முடியாதும்மா, ஆய்வுங்கற ஒரே பேர்ல பல தினுசு சமாச்சாரம் ஓடுது. உங்க நாத்தனாரோட கேன்சர் பயத்துக்கு பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு, அத கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

1981ல அமெரிக்காவுல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து பிரையன் மெக்மேன் குழு, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு கட்டுரை போட்டாங்க. மருத்துவ உலகத்துல ரொம்ப மதிப்பான பத்திரிகை அது. கணையத்துல புற்றுநோய் வந்த 369 பேர், அது இல்லாத 644 பேர், ரெண்டு பக்கமும் நீங்க எவ்ளோ காபி குடிப்பீங்கன்னு கேட்டிருக்காங்க. கேன்சர்காரங்க அதிகமா குடிச்சதா வந்துச்சு, 3 கப்பும் அதுக்கு மேலயும் குடிக்கறவங்களுக்கு ஆபத்து ரெண்டரை மடங்குக்கும் மேலன்னு கணக்கு. அமெரிக்கா முழுக்க பயங்கர பரபரப்பு.

ஆனா அந்த 644 பேர் யாருன்னு பாருங்க. அவங்க தெருவுல போற சாதாரண ஜனம் இல்ல, கேன்சர் நோயாளிகளுக்கு பார்த்த அதே டாக்டர்கள்கிட்ட ஆஸ்பத்திரியில சேர்ந்திருந்த வேற நோயாளிகள். அந்த டாக்டர்கள்ல நிறைய பேர் வயிறு, குடல் ஸ்பெஷலிஸ்ட். அல்சரும் வயித்தெரிச்சலும் உள்ளவங்க காபிய தானாவே குறைச்சிருப்பாங்க, இல்ல டாக்டர் குறைக்க சொல்லியிருப்பார். அப்ப கேன்சர் வந்தவங்க அதிகமா குடிச்சாங்கன்னு ஆகல, ஒப்பிட்டு பாக்க எடுத்தவங்கதான் ஊர்ல எல்லாரையும் விட கம்மியா குடிச்சிருக்காங்க. 1986ல அதே குழு திரும்ப செஞ்சு பாத்தப்போ அந்த தொடர்பு நிக்கல, அதையும் அதே பத்திரிகையில அவங்களே எழுதினாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை வந்ததே இந்த ரெண்டாவது கட்டுரையாலதான், ஆனா பயத்த பரப்பின அளவுக்கு யாரும் இத பரப்பல, அதான் வருத்தம்.

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் 1991ல காபி சிறுநீர்ப்பை கேன்சருக்கு காரணமா இருக்க வாய்ப்பு உண்டுன்னு பட்டியல்ல போட்டுச்சு. 2016ல 23 விஞ்ஞானிகள் உக்காந்து 1,000 ஆய்வுகளுக்கு மேல பாத்துட்டு அந்த பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. பழைய ஆய்வுகள்ல சிகரெட்டோட பாதிப்ப சரியா பிரிக்கல, காபி நிறைய குடிக்கறவங்கள்ல சிகரெட் பிடிக்கறவங்க அதிகம், பழி காபி மேல விழுந்திருக்கு. அதே கூட்டத்துல இன்னொண்ணும் சொன்னாங்க: 65 டிகிரிக்கு மேல கொதிக்க கொதிக்க எது குடிச்சாலும், காபியோ டீயோ, உணவுக்குழாய் கேன்சருக்கு காரணமா இருக்கலாம்னு. அதனால டவராவுல நல்லா ஆத்தி குடிங்கம்மா, நாத்தனாருக்கும் அதையே சொல்லுங்க.

கலிபோர்னியாவுல காபிக்கு கேன்சர் எச்சரிக்கை ஒட்ட சொல்லி கோர்ட் சொன்னதா அந்த வீடியோவுல வந்திருந்தா, அது 2018 சமாச்சாரம். கொட்டை வறுக்கும்போது உண்டாகிற அக்ரிலமைடுங்கற பொருள வச்சு வந்த கேஸ். அடுத்த வருஷமே அந்த மாநில அரசு காபிக்கு எச்சரிக்கை தேவையில்லன்னு விதி கொண்டு வந்துடுச்சு.

கேள்வி: தினம் காபி குடிச்சா ஆயுள் கூடும்னு லட்சக்கணக்கான பேர வச்சு நிரூபிச்சிருக்காங்களாமே அக்கா? அவ்ளோ பேர வச்சு பண்ணா தப்பாகுமா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, ஆள் எண்ணிக்கை கூடினா தற்செயலா வர்ற தப்பு குறையும், உண்மைதான். ஆனா ஒப்பிடறதே கோணலா இருந்தா 4 லட்சம் பேர் வந்தாலும் அந்த கோணல் அப்படியேதான் நிக்கும்.

நீங்க சொல்றது 2012ல வந்ததா இருக்கும்னு நினைக்கறேன். அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனத்து ஆட்கள் 50லேர்ந்து 71 வயசுக்குள்ள இருந்த 4 லட்சம் பேர 2008 வரைக்கும் கவனிச்சாங்க. முதல்ல வெறும் கணக்கு போட்டா காபி குடிக்கறவங்கதான் அதிகமா இறந்திருக்காங்க! அப்புறம் சிகரெட்டையும் வேற சில விஷயங்களையும் கணக்குல சேர்த்து சரி பண்ணதும் தலைகீழா மாறுது, நாளைக்கு 6 கப்போ அதுக்கு மேலயோ குடிச்ச ஆண்களுக்கு இறப்பு ஆபத்து 10 சதவீதம் கம்மி, பெண்களுக்கு 15 சதவீதம் கம்மின்னு. சில விஷயங்கள சேர்த்ததுக்கே முடிவு இப்படி புரளுதுன்னா, சேர்க்காம விட்ட விஷயங்கள் எவ்ளோ இருக்கும்னு யோசிங்க. சம்பளம், தூக்கம், சாப்பாடு, வேலை, இதெல்லாம் முழுசா அளக்கவே முடியாது. இதுல காபி எவ்ளோ குடிப்பீங்கன்னு ஆரம்பத்துல ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க, அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல அதையே வச்சு கணக்கு. உங்க வீட்டுல பத்து வருஷம் முன்னாடி குடிச்ச அளவுதான் இன்னைக்கும் குடிக்கறாங்களா?

எனக்கு இத விட பெரிய சந்தேகம், காபி குடிக்காதவங்க யாருங்கறதுதான். உடம்பு சரியில்லாம போனா நம்ம ஊர்லயும் முதல்ல நிறுத்தறது காபியத்தானே, பிபி, வயிறு, தூக்கம் வரல, எதுவா இருந்தாலும். அப்ப "குடிக்காதவங்க" கூட்டத்துல ஏற்கனவே நோய் உள்ளவங்க நிறைய சேர்ந்துடறாங்க, பக்கத்துல வச்சு பாத்தா குடிக்கறவங்க ஆரோக்கியமாத்தான் தெரிவாங்க. அந்த ஆய்வுல கேன்சர், இதய நோய், பக்கவாதம் வந்தவங்கள ஆரம்பத்துலயே எடுத்துட்டாங்க, ஆனா நோய்னு பேர் வைக்கறதுக்கு முன்னாடி இருக்கற முடியாமைய எப்படி எடுக்கறது? அத எழுதினவங்களே இது காரணமா வெறும் தொடர்பான்னு எங்களால சொல்ல முடியலன்னு கட்டுரையிலயே போட்டிருக்காங்க, வாட்ஸ்அப்ல வரும்போது அந்த வரி மட்டும் காணாம போயிடுது.

அதுக்காக தூக்கி போடாதீங்க. பல நாட்டுல, பல வருஷமா, மிதமா குடிக்கறவங்களுக்கு கெடுதல்னு பெரும்பாலும் வரல, இது திரும்ப திரும்ப வர்றதால நான் நம்பறேன். ஆயுள் கூடும்னு சொல்றதுக்குத்தான் அந்த ஆய்வுகளுக்கு பலம் பத்தாது. பிடிக்கலன்னா ஆயுளுக்காக குடிக்க ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: இதெல்லாம் காபி கம்பெனிங்க காசு குடுத்து எழுத வைக்கறதுதானே?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எல்லாம் இல்ல சார், மேல சொன்ன 2012 ஆய்வு அரசு நிறுவனத்தோடது. ஆனா காபி பத்தி அறிவியல் தகவல் குடுக்கறதுக்குன்னே ஐரோப்பாவுல பெரிய காபி கம்பெனிங்க காசுல ஒரு அமைப்பு நடக்குது, நல்ல செய்தி வந்தா அழகா தொகுத்து பத்திரிகைகளுக்கு அனுப்புவாங்க. அதுல பொய் இருக்கணும்னு இல்ல, எது பரவணும்னு தேர்ந்தெடுக்கறதுலயே பாதி வேலை முடிஞ்சிடுது. செய்தியில யார் காசுன்னு போடலன்னா மூல கட்டுரையோட கடைசியில பெரும்பாலும் இருக்கும், அத பாருங்க.

கேள்வி: வெளிநாட்டு ஆய்வு நம்ம ஃபில்டர் காபிக்கு பொருந்துமா மேடம்?
- இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: இத கேக்க மாட்டாங்களான்னு காத்துட்டு இருந்தேன். அங்க "ஃபில்டர் காபி"ன்னா பேப்பர்ல வடிகட்டினது. காபியில கஃபெஸ்டால்னு ஒரு எண்ணெய் சத்து இருக்கு, அது கெட்ட கொலஸ்ட்ரால ஏத்தும், பேப்பர் அத பிடிச்சு வச்சுக்கும். நார்வேல காபி அதிகமா குடிக்கறவங்களுக்கு கொலஸ்ட்ரால் அதிகமா இருக்குன்னு 1983ல கண்டுபிடிச்சாங்க, அங்க தூள போட்டு கொதிக்க வச்சு வடிகட்டாம குடிக்கற பழக்கம் இருந்துச்சு. அப்புறம் ஆட்கள வச்சு சோதனை பண்ணி பேப்பர்ல வடிகட்டினா ஏறலன்னு உறுதியும் பண்ணாங்க. நம்ம பித்தளை, எவர்சில்வர் ஃபில்டர்ல பேப்பர் கிடையாது, அடியில ஓட்டைதான். அதனால அங்க ஃபில்டர் காபி இதயத்துக்கு நல்லதுன்னு வந்தா பேர் ஒண்ணா இருக்கேன்னு அப்படியே நமக்கு எடுத்துக்காதீங்க. ஏற்கனவே கொலஸ்ட்ரால் இருந்தா எத்தனை டம்ளர்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

அப்புறம் அவங்க கப் வேற, நம்ம டம்ளர் வேற, நம்மளதுல பாதிக்கு மேல பாலு, தூள்ல சிக்கரி வேற கலந்திருக்கு. ஒவ்வொரு டம்ளர்லயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாலு தடவை குடிச்சா நாளைக்கு எட்டு ஸ்பூன் சர்க்கரை. காபிய பத்தி சொன்ன நல்ல வார்த்தை எதுவும் அந்த எட்டு ஸ்பூனுக்கு சேராது.

கேள்வி: காபி குடிச்சா எனக்கு படபடன்னு வருது. ஆனா இதயத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்கறாங்க, எது சரி?
- வங்கி ஊழியர், திருச்சி

பதில்: உங்களுக்குத்தான் இருக்கறதுலயே நல்ல வகை ஆய்வு இருக்கு. 2023ல வெளியான ஆய்வு அது, சான் பிரான்சிஸ்கோல 100 பேர எடுத்து 14 நாள், இன்னைக்கு குடி, இன்னைக்கு குடிக்காதேன்னு குலுக்கல் மாதிரி மெசேஜ் அனுப்பி, நெஞ்சுல இசிஜி பேட்ச் ஒட்டி பாத்தாங்க. குடிக்கற நாளும் குடிக்காத நாளும் அதே ஆளுக்குத்தான், அதனால சிகரெட், சம்பளம்னு எந்த குழப்பமும் வராது. இதயத்தோட மேல் அறைகள்ல வர்ற கூடுதல் துடிப்பு பெருசா கூடல. கீழ் அறைகள்ல வர்றது மட்டும் நாளைக்கு 102லேர்ந்து 154 ஆச்சு. குடிச்ச நாள்ல கிட்டத்தட்ட 1,000 காலடி அதிகமா நடந்தாங்க, தூக்கம் 36 நிமிஷம் குறைஞ்சுது. ஆக உங்க படபடப்பு கற்பனைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு வாரம் காபிய விட்டு பாருங்க, விட்டும் நிக்கலன்னாலோ தலை சுத்தினாலோ இசிஜி எடுத்துடுங்க, தள்ளி போடாதீங்க.

கேள்வி: மக மாசமா இருக்கா, தைராய்டு மாத்திரையும் போடறா. காபிய விட மாட்டேங்கறா. என்ன பண்றதும்மா?
- ஒரு அம்மா, திருநெல்வேலி

பதில்: அம்மா, ஆய்வ நம்பலாமான்னு இவ்ளோ நேரம் பேசினோம்ல, இங்க நான் முழுசா நம்பற பக்கம் நிக்கறேன். கர்ப்பத்துல கஃபீன் உடம்ப விட்டு போக ரொம்ப நேரம் எடுக்கும், குழந்தைக்கும் போகும், அதனால நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள்ள வச்சுக்க சொல்றாங்க. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து கணக்குப்படி 150 மில்லி டிகாஷன் காபியில 80லேர்ந்து 120, இன்ஸ்டன்ட்ல 50லேர்ந்து 65 மில்லிகிராம். ஒரு சின்ன டம்ளரோட நிறுத்த சொல்லுங்க, டீயும் கணக்குல வரும்.

தைராய்டு மாத்திரைய காபியோட முழுங்கினா உடம்புல சரியா ஏறாது, இது நேரடியா ரத்தத்துல அளந்து பாத்த விஷயம். காலையில வெறும் வயித்துல தண்ணியில போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. சாப்பாட்டோட காபி குடிச்சா இரும்புச்சத்து ஏறறதும் குறையும், 1983ல ஒரு சோதனையில 39 சதவீதம் குறைஞ்சுது, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குடிச்சப்பவும் அதே அளவு குறைஞ்சுது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்சப்போ மட்டும் குறையல. நம்ம நாட்டுல பாதிக்கு மேல பொண்ணுங்களுக்கு ரத்த சோகை, உங்க மகளுக்கு ஹீமோகுளோபின் எவ்ளோன்னு போன செக்கப் சீட்டுல பாருங்க. இரும்புச்சத்து மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் சேர்த்து போடக்கூடாது, நடுவுல நாலு மணி நேரமாவது விடணும். மாத்திரை ஒவ்வொண்ணும் எப்போ, காபி எப்போன்னு ஒரு பேப்பர்ல எழுதி அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.