கழுத்தை மடக்கினால் சாரஸ் இல்லை

கேள்வி: புலிகாட் ஏரிக்கரையில், நெஞ்சுயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பறவை நின்றது. கழுத்தை மடக்கிக்கொண்டு பறந்துபோய் வேலமரத்தில் உட்கார்ந்தது. சாரஸ் கொக்கு என்கிறார் மச்சான். சரியா?
- வாசகர், தடா

பதில்: மச்சானிடம் பந்தயம் கட்டியிருந்தால் வசூல் செய்துவிடுங்கள். அது சாம்பல் நாரை. தூரத்தில் நிற்கும் பறவையின் உயரத்தை நம்பவே கூடாது. சாம்பல் நாரை மூன்றடிதான். சாரஸ் ஐந்தடிக்கு மேல், சில ஆறடியைத் தொடும். பறக்கிற பறவைகளில் அதுதான் உயரம்.

நான் சாரஸை ராஜஸ்தானின் பரத்பூரில் பார்த்திருக்கிறேன். முதலில் கண்ணில் படுவது தலைதான்: இறகே இல்லாத சிவப்புத் தோல், மேல்கழுத்துவரை குங்குமம் அப்பியது போல. உச்சந்தலை மட்டும் வெளிறிய சாம்பல். கால் இளஞ்சிவப்பு. பெரும்பாலும் ஜோடியாகத்தான் மேயும். இரண்டும் சேர்ந்து கத்தினால் வயல் முழுக்கக் கேட்கும். பறக்கும்போது கழுத்து நேராக நீண்டிருக்கும்.

அப்புறம் அந்த வேலமரம். சாரஸின் பின்விரல் சிறியது, மேலே தூக்கியிருக்கும். கிளையைப் பற்றவே முடியாது. கூடுகூட ஆழமில்லாத தண்ணீரில், தரையில்தான். உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத் பக்கம் போனால் பார்க்கலாம். உங்கள் ஏரியில் பூநாரை இருக்கிறதே, அதற்கென்ன குறை?