தகர டப்பாவும் பங்காவும்

கேள்வி: அணுப்போர் வந்தால் தப்பிப்பது எப்படி என்று அமெரிக்காவில் பலர் புத்தகம் எழுதியிருக்கிறார்களே, அதில் உருப்படியாக ஒருவராவது உண்டா?

பதில்: உண்டு. க்ரெசன் கியர்னி. 1914-இல் டெக்சாஸில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போய் நிலவியல் கற்றார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பனாமாவில், காட்டில் போரிடும் சிப்பாய்களுக்கான சாமான்களை உருவாக்கும் வேலை. பிற்பாடு டென்னசியின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம். 1979-இல் அங்கிருந்துதான் அவருடைய 'அணுப்போரில் பிழைக்கும் திறன்கள்' வந்தது.

இந்த வகைப் புத்தகங்கள் பலவற்றில் துப்பாக்கிதான் கதாநாயகன். இவரிடம் தகர டப்பா! டப்பாவுக்குள் இரண்டு அலுமினியத் தாள் துண்டுகளை நூலில் தொங்கவிட்டு நிலைமின்சாரம் ஏற்றினால், ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். கதிர்வீச்சு பட்டால் உள்ளிருக்கும் காற்று மின்சாரத்தைக் கசியவிடும். தாள்கள் நெருங்கி வரும். எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் நெருங்கின என்று பார்த்தால் கதிர்வீச்சின் அளவு தெரியும். குண்டு வெடித்து ஒரு மணி நேரம் கழித்து இருக்கும் கதிர்வீச்சு, ஏழு மணி நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்காகவும், இரண்டு நாளில் நூறில் ஒரு பங்காகவும் குறையும் என்பது தோராயக் கணக்கு. ஆனால் நாம் இருக்கும் இடத்தில் எப்போது வெளியே வரலாம் என்பதை இந்த டப்பா மீட்டர்தானே சொல்ல வேண்டும்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன். தாள்கள் விலகின, அரை நிமிடத்தில் ஒட்டிக்கொண்டன. கதிர்வீச்சு ஒன்றுமில்லை, ஈரம்தான். ஈரத்தை உறிஞ்ச டப்பாவின் அடியில் போடும் ஜிப்சத்தை நன்றாகச் சுடவைத்து உலர்த்தச் சொல்லியிருந்தார், நான் அவசரப்பட்டுவிட்டேன்.

பதுங்குகுழிக்குக் காற்று அனுப்ப, கதவுபோல ஆடும் சட்டத்தில் பிளாஸ்டிக் மடிப்புகள் கட்டி, கயிற்றால் இழுக்கும் ஒரு பம்ப்பும் செய்தார். அதற்கு முதலில் அவர் வைத்த பெயர் 'பங்கா பம்ப்'. ஆமாம், துரைமார் தலைக்கு மேல் ஆள் வைத்து இழுத்த அதே பங்கா விசிறிதான்.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. பயிற்சியே இல்லாத குடும்பங்களிடம் எழுதிய குறிப்பை மட்டும் கொடுத்து, பதுங்குகுழியைத் தாங்களே வெட்டிக் கட்டச் சொல்லிச் சோதித்தார். குறித்த நேரத்தில் முடித்தால் பணமும் உண்டு. குழம்பிய இடங்களில் குறிப்பைத் திருத்தி எழுதினார்.

2003-இல் காலமானார். படிப்பதானால் 1987-ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பைத் தேடுங்கள். நகல் எடுக்கும்போது மீட்டர் படங்களைச் சுருக்கிவிடாதீர்கள். அவை அசல் அளவில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.