ஜன்னலுக்குக் கீழே ஓடிய சேன் நதி

கேள்வி: வயலும் தோப்பும் வரைந்து பெயர் வாங்கிய பிரெஞ்சு ஓவியர் பிஸ்ஸாரோ, வயதான காலத்தில் கிரேனும் புகையுமாக இருக்கும் துறைமுக நதியை ஏன் திரும்பத் திரும்ப வரைந்தார்? எல்லாப் படமும் மாடியிலிருந்து பார்ப்பதுபோலவே இருக்கிறதே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாடியிலிருந்து பார்த்தேதான் வரைந்தார், அம்மா. காரணம், கண்.

கமீய் பிஸ்ஸாரோ 1830-ல் பிறந்தவர். வெட்டவெளியில், காற்றிலும் வெயிலிலும் நின்று வரைந்தே பழகியவர். மாறும் வெளிச்சத்தைக் கண்ணில் பட்டபடி வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் 1874 முதல் 1886 வரை நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் படம் வைத்தவர் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவருக்குக் கண்ணீர்ப் பையில் புண் வந்தது. ஆறும், மறுபடி சீழ் வைக்கும். காற்றும் தூசியும் ஆகவே ஆகாது என்று ஆகிவிட்டது. வெளியே நின்று வரைவதையே உயிராக நினைத்த மனிதர் என்ன செய்வார்? நல்ல ஜன்னலாகத் தேடிப் போனார்.

அப்படித்தான் 1896-ல் வட பிரான்சில் இருக்கும் ரூவான் நகரத்துக்கு இரண்டு தடவை போனார். சேன் நதிக்கு எதிரே இருந்த ஓட்டல்களில் அறை எடுத்துத் தங்கினார். கடலிலிருந்து நீராவிக் கப்பல்கள் நதி வழியாகவே அந்த ஊர் வரைக்கும் வரும். மேலேயிருந்து பார்த்தால் கரையில் கிரேன்கள், மூட்டைகள், கூலியாட்கள். பக்கத்தில் புவால்தியூ பாலம், 1888-ல் திறந்த இரும்புப் பாலம். அந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். அக்கரையில் சேன்-செவேர் என்ற பேட்டை, தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளோடு.

1896 அக்டோபரில் மகன் லூசியானுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் காட்சியைத்தான் சொல்கிறார். புதிதாகக் கட்டிப் பளபளக்கும் ரயில் நிலையம் பார்க்க அவலட்சணம் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். புகைபோக்கிகளையும் சொல்கிறார். அதே மூச்சில், காலைப் பனியில் மெல்லிய வெயில் விழும்போது இது வெனிஸ் நகரம் அளவுக்கு அழகு என்கிறார்! அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். அழுக்கை மறைத்துவிட்டு அழகை வரையவில்லை. புகையும் மேகமும் நதியின் ஈரமும் கலந்த அந்தச் சாம்பல் நிறம்தான் அவருக்கு அழகு. அதே வருடம் பிப்ரவரியில் எழுதிய இன்னொரு கடிதத்தில், மழையில் பாலம், போக வர ஜனம், படகு, புகை, எல்லாமே உயிர்த்துடிப்போடு இருக்கிறது என்று ஆசையாகச் சொல்கிறார்.

மழை ஒரு கேன்வாஸ், வெயில் ஒரு கேன்வாஸ், அந்தி மயங்கும்போது ஒன்று. வெளிச்சம் மாறினால் நதியே வேறு. அதனால்தான் திரும்பத் திரும்ப.

நான் முப்பது வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இந்த வரிசைப் படங்களில் ஒன்றைப் பார்த்தேன். ரூவானில் மேகமூட்டமான ஒரு காலை. இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், அவ்வளவுதான். மூக்கு உரசும் தூரத்துக்குப் போனால் பாலத்தில் மனிதர்களே இல்லை, சின்னச் சின்னத் தூரிகைத் தீற்றல்கள்தான். நாலு எட்டு பின்னால் நகர்ந்தேன். அத்தனை பேரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற அவசரம்கூடத் தெரிந்தது. புகையில் கறுப்பைத் தேடினேன், வெள்ளையும் ஊதாவும்தான் கண்ணில் பட்டன. மகள் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

1898-ல் மறுபடி ரூவான். அப்புறம் 1900-லிருந்து பாரிஸில், நதி நடுவே இருக்கும் சிதே தீவின் முனையில் ஒரு வீடு. கீழே ‘புதுப் பாலம்’ என்றே பெயர் கொண்ட பழைய பாலம், எதிரே லூவ்ரு அருங்காட்சியகம். பனி மூடிய லூவ்ருவை 1902-ல் வரைந்தார், அது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 1903 நவம்பரில் காலமாகிவிட்டார்.

ரூவானில் அவர் பார்த்த இரும்புப் பாலம் 1940 போரில் தகர்ந்துபோனது. இப்போது அதே பெயரில் இருப்பது பிறகு கட்டியது. அந்தப் பழைய பாலத்தில் மழைக்கு ஒதுங்காமல் நடந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால், அம்மா, அவருடைய படங்களுக்குத்தான் போக வேண்டும்.