ஐம்பதுகளில் பணி ஓய்வு: ஆண்டுச் செலவிலிருந்து தொடங்குவோம் (கேள்வி பதில்)

காரைக்குடியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வட்டத்தில், அறுபது வயதுக்கு முன்பே வேலையை விட்டவர்களும் விடலாமா என்று யோசிப்பவர்களும் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வங்கியில் 27 ஆண்டுகள் பணியாற்றி, 2014-இல் 51-ஆம் வயதில் விருப்ப ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கண்டனூர்: எனக்கு வயது 53. சென்னையில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து 68 லட்சம் ரூபாய் கைக்கு வரும். ஊரில் சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. மாதம் 40,000 ரூபாய் போதும் என்று நினைக்கிறேன். வேலையை விடலாமா?

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு விட வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். இங்கே கேட்கப்பட்ட மற்றக் கேள்விகளும் இதில்தான் வந்து முடிகின்றன.

நம் செட்டிநாட்டு வீடுகளில் திருமணமான மகனை வேறு வைக்கும்போது, ஓர் ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெற்றோர் அளந்து கொடுத்து, அதே வீட்டில் தனி அடுப்பு மூட்டிக் குடும்பம் நடத்தச் செய்வது வழக்கமாக இருந்தது. தை மாதத்தில் தாராளமாகச் செலவு செய்தால் ஐப்பசியில் கை வறண்டுவிடும் என்பதைப் புதுத் தம்பதியர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். வேலையை விடுகிறவர் தம்மைத் தாமே வேறு வைத்துக்கொள்கிறார். ஆகவே மாதச் செலவைச் சொல்லாதீர்கள், ஆண்டுச் செலவைச் சொல்லுங்கள். மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். இதில் மருத்துவக் காப்பீட்டுத் தவணை, வீட்டு வரி, ஓடு மாற்றும் செலவு, திருமணங்களுக்குச் செய்யும் மொய், கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் தரும் புள்ளிவரி, பழுதாகும் வண்டி ஆகிய எதுவும் இல்லை. கடந்த மூன்று ஆண்டுகளின் வங்கிக் கணக்கை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பாருங்கள். 6 லட்சத்துக்குக் குறைவாக வராது என்று நினைக்கிறேன்.

68 லட்சத்தை ஏழரை விழுக்காட்டு வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 5,10,000 ரூபாய் வரும். அதாவது முதல் ஆண்டிலேயே 90,000 ரூபாயை முதல் தொகையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரு மடங்காகும். உங்கள் 65-ஆம் வயதில் அதே வாழ்க்கைக்கு 12 லட்சம் தேவைப்படும்போது வட்டி வருமானம் ஏறியிருக்காது, குறைந்திருக்கும். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் அந்நாட்டின் பழைய சந்தைக் கணக்குகளை ஆராய்ந்து, முதல் ஆண்டில் சேமிப்பில் 4 விழுக்காட்டை எடுத்து, பின்னர் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டு போனால் 30 ஆண்டுகள் தாங்கும் என்று காட்டினார். அது அவர்கள் நாட்டுக் கணக்கு. நமக்கு விலைவாசி வேகமாக ஏறுகிறது, உங்களுக்கோ 35 ஆண்டுகளைக் கணக்கில் வைக்க வேண்டும். ஆகவே ஆண்டுச் செலவைப் போல் 30 மடங்கு இருந்தால்தான் 53 வயதில் நிம்மதியாக விடலாம் என்பது என் கருத்து. உங்களுக்கு அது 1 கோடியே 80 லட்சம்.

நிறுவனமே வெளியே அனுப்பிவிடும் நிலை என்றால், திட்டத்தை ஏற்றுக்கொண்டு, குறைந்த சம்பளமானாலும் ஆண்டுச் செலவை ஈடுகட்டும் வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். 68 லட்சத்தை ஏழு ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தால், அதே ஏழரை விழுக்காட்டில், 60 வயதில் அது ஏறத்தாழ 1 கோடியே 13 லட்சமாக இருக்கும். அப்போதும் சிக்கனம் தேவைப்படும். ஆனால் இன்றே கை வைப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

ஆத்தங்குடி: விருப்ப ஓய்வில் வரும் தொகைக்கு எவ்வளவு வரி?

விதிகளுக்கு உட்பட்ட விருப்ப ஓய்வு இழப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. இந்தச் சலுகை வாழ்நாளில் ஒருமுறைதான். தனியார் நிறுவனத்தாருக்குப் பணிக்கொடையில் 20 லட்சம் வரையும், ஓய்வின்போது பெறும் விடுப்புச் சம்பளத்தில் 25 லட்சம் வரையும் விலக்கு உண்டு. வருங்கால வைப்பு நிதியில் ஐந்து ஆண்டுகளுக்குமேல் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு எடுக்கும் தொகைக்கு வரி இல்லை. அதன்பின் வரும் வட்டி வருமானத்தைப் பொறுத்தவரை, புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி காரணமாக வரி கட்ட வேண்டியதில்லை. வங்கி முன்கூட்டியே பிடித்திருந்தால் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஓய்வு பெற்றுவிட்டோம் என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

தேவகோட்டை: வயது 56. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர 60 ஆக வேண்டும் என்கிறார்கள். ஓய்வூதியத்தையும் 58 வரை காத்திருந்து வாங்குவதே நல்லது என்கிறார்கள். உண்மையா?

முதலாவது உங்களுக்குப் பொருந்தாது. 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு அல்லது விருப்ப ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள், அந்தத் தொகைக்கு உட்பட்டு இத்திட்டத்தில் சேரலாம். உச்ச வரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்த வட்டியில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். சேரும் நாளில் இருக்கும் வட்டியே ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாமல் கிடைக்கும். கெடுவைத் தவறவிட்டு 60 வரை காத்திருந்தவர்களை வங்கி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். நிறுவனத்திடமிருந்து ஓய்வுப் பணம் வழங்கிய சான்றை முதல் வாரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஆண்டுப் பணி முடித்தவர், ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 50 வயதிலிருந்தே குறைந்த ஓய்வூதியம் வாங்கலாம். 58-க்கு எத்தனை ஆண்டுகள் முன்னதாக வாங்குகிறோமோ ஆண்டுக்கு 4 விழுக்காடு குறையும். 58-இல் 5,000 ரூபாய் என்றால் 56-இல் சுமார் 4,600. இரண்டு ஆண்டுகளில் முன்கூட்டியே கைக்கு வருவது 1,10,400 ரூபாய். அதன்பின் மாதம் 400 ரூபாய் இழப்பு என்றால், அந்தத் தொகை கரைய 23 ஆண்டுகள் ஆகும், அதாவது 81 வயது வரை. காத்திருப்பதே நல்லது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது சரியன்று. வேறு வருமானம் இல்லாதவர் இப்போதே வாங்கலாம்.

பள்ளத்தூர்: சிங்கப்பூரில் 22 ஆண்டுகள் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்பிவிட்டேன். வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில் இருக்கும் வைப்புகளை அப்படியே விட்டுவைக்கலாமா?

கூடாது. நிரந்தரமாகத் தங்குவதற்காக வந்ததை வங்கிக்குத் தாமதமின்றித் தெரிவித்து, அந்த ரூபாய்க் கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் அவற்றின் வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. அந்நியச் செலாவணியிலேயே வைத்திருக்கும் வைப்பை முதிர்வு வரை விட்டுவைக்கலாம், வெளிநாட்டுப் பணத்தை இங்கே திரும்பி வந்தவர்களுக்கான தனிக் கணக்கிலும் வைக்கலாம். வரிச் சட்டத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு இடைநிலை ஒன்றும் உண்டு: முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்பவராகக் கணக்கிடப்பட்டிருந்தால், திரும்பிய பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, வெளிநாட்டில் கிடைக்கும் வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. சிங்கப்பூரில் விற்கவோ எடுக்கவோ வேண்டியது எதுவும் மிச்சமிருந்தால் அந்தக் காலத்துக்குள் முடிப்பது பற்றித் தணிக்கையாளரிடம் கேளுங்கள்.

கானாடுகாத்தான்: பூர்வீக வீட்டில் எனக்கு ஒரு பங்கு உண்டு. ஓய்வுப் பணத்தில் 20 லட்சத்தைப் போட்டு வீட்டைச் சீர்செய்துவிட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று ஆசை.

இந்த ஆசையை நான் நன்றாக அறிவேன்; இதில் நான் தவறு செய்தவன். பணம் கைக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டு (உள்பகுதி) ஒழுகுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஓடு பிரித்துச் சட்டங்களை மாற்ற 7 லட்சம் ரூபாய் செலவு செய்தேன். அந்த வீட்டில் ஒன்பது புள்ளிகளுக்கு, அதாவது ஒன்பது குடும்பங்களுக்கு, பங்கு உண்டு. யாரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கவில்லை, எல்லோரும் பிறகு தருவார்கள் என்று நம்பினேன். இருவர் தந்தார்கள். மற்றவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை; கேட்காமல் செய்த செலவுக்கு அவர்கள் பொறுப்பாக முடியாது. ஆனால் அந்த 7 லட்சத்தில் பெரும்பகுதி திரும்ப வரவில்லை, அதன் வட்டியும் போயிற்று, சில ஆண்டுகள் என் மனைவி வீட்டுச் செலவில் பிடித்தம் செய்தே அதை ஈடுகட்டினார்.

ஆகவே முதலில் பங்காளிகளை ஒரு நல்ல நாளில் முகப்பில் கூட்டி உட்காரவைத்து, யார் எவ்வளவு தருவது, யார் எந்தப் பகுதியில் குடியிருப்பது, வாடகைக்கோ படப்பிடிப்புக்கோ விட்டால் வருமானம் யாருக்கு என்பதை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அதன்பின் மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் வேலையையும் மின்கம்பிகளையும் மட்டும் செய்யுங்கள். சுண்ணாம்புப் பூச்சும் தேக்குக் கதவும் ஒழுகல் நின்றால் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும், தரைக் கற்களுக்கு அவசரமே இல்லை. உங்கள் பங்குச் செலவு, முன்பு சொன்ன 30 மடங்கு போக எஞ்சிய தொகையிலிருந்து வர வேண்டும். எஞ்சவில்லை என்றால், வீட்டின் ஒரு பகுதியை மட்டும் குடியிருக்கத் தக்கதாக ஆக்கிக்கொண்டு இருங்கள்.

கோட்டையூர்: தெரிந்தவர் ஒருவர் நூற்றுக்கு இரண்டு வட்டி தருகிறேன் என்கிறார். வங்கியில் ஏழு விழுக்காடுதானே வருகிறது?

மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24. வங்கியில் அதில் பாதி வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்றால் அவர் உங்களிடம் ஏன் வருகிறார் என்று கேளுங்கள். பதிவு பெறாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதை 2019-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தடை செய்கிறது, தமிழ்நாட்டில் வைப்பாளர்களைக் காக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் வழியாகப் பணம் திரும்ப வருவதற்குள் முதுமை வந்துவிடும். வங்கி வைப்பிலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதை நினைவில் வைத்து, பெரிய தொகையைப் பிரித்து வையுங்கள்.

வட்டித் தொழிலை நன்கு அறிந்த நம் முன்னோர்களான நகரத்தார்களுக்கே பர்மாவில் என்ன நேர்ந்தது என்பதை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. 1930-களில் நெல் விலை வீழ்ந்து, கடன் வாங்கியவர்கள் திருப்பித் தர முடியாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் கடன் கொடுத்த நம் முன்னோர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் விடுதலை, அதன்பின் நில நாட்டுடைமை என்று அடுத்தடுத்து வந்தபோது, எல்லாவற்றையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

புதுவயல்: நீரிழிவு உண்டு. வேலையை விட்டால் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு போய்விடுமே?

வேலையை விடும் முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாற விண்ணப்பியுங்கள். குழுத் திட்டத்தில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் (ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலத்தில்) கழிக்கப்படும். புதிதாகச் சேர்ந்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 36 மாதங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. நீரிழிவை மறைக்காமல் எழுதுங்கள்.

காரைக்குடி: வீட்டுக்காரர் 52 வயதில் வேலையை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து தொலைபேசியில் பங்குச் சந்தையையே பார்க்கிறார். சமையல் முதல் பால் கணக்கு வரை குறை சொல்கிறார். யாராவது ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

ஆச்சி, அவர் வெளியூரில் இருந்த ஆண்டுகளில் இந்த வீட்டை நடத்தியவர் நீங்கள். அந்த நிர்வாகத்தில் அவர் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறார் என்பதை அவரிடம் அன்பாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். நானும் முதல் ஆண்டில் இப்படித்தான் இருந்தேன். இருபத்தேழு ஆண்டுகள் பிறர் என்னைப் பதவியால் அழைத்துப் பழகியிருந்தேன். அது நின்றதும் என்ன செய்வது என்று தெரியவில்லை. என் மனைவி பேரேட்டை என் கையில் கொடுத்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) எடுத்துத் தரச் சொன்னார். செலவை முடிவு செய்யும் பொறுப்பை அவரே வைத்துக்கொண்டார். அந்தப் பிரிவினை எங்களுக்குப் பொருந்தியது.

பங்குச் சந்தையைப் பொறுத்தவரை, அவருக்கென ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி, அதற்குமேல் எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் புதுத் தொழில், பெரிய முதலீடு, பிறருக்குப் பிணை ஆகிய மூன்றும் வேண்டாம். காலையில் மூன்று மணி நேரமாவது வீட்டுக்கு வெளியே அவருக்கு ஒரு பொறுப்பு இருக்கட்டும். ஊருக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் தேவைப்படுகிறது. எங்கள் வட்டத்திலேயே இருவர் அதைச் செய்கிறார்கள், அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வாருங்கள். உறக்கம் குறைந்தோ, உணவு வெறுத்தோ இருந்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

கொத்தமங்கலம்: எல்லா வைப்புகளிலும் மனைவியை நியமனதாரராகப் போட்டுவிட்டேன். உயில் தேவையா?

தேவை. நியமனதாரர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர்தான். அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ முடிவு செய்யும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, அவர்களும் கையொப்பமிட்டால் போதும். ஆனால் பங்காளி வீட்டுப் பங்கும் அதில் வந்தால் பதிவு செய்வதே நல்லது. வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்பதால், மனைவிக்கு அடுத்து யார் என்பதையும் இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.