௪௱ என்பது 96 அல்ல, 400: பழைய கணக்கேட்டில் தமிழ் எண்களைப் படித்தல்

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி இது: "செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த எங்கள் பூட்டனாரின் கணக்கேட்டில் ௪௱ என்று ஒரு தொகை இருக்கிறது. ரோம எண்களில் பெரிய குறிக்கு முன்னால் சிறியது வந்தால் கழிக்க வேண்டும் என்று படித்தோம். அப்படியானால் இது 96 தானா? முகப்பில் உள்ள ௲௮௱௯௰௬ எந்த ஆண்டு?"

தொகை 400, ஆண்டு 1896.

ரோம எண்களிலும் தமிழ் எண்களிலும் பெரிய குறிக்குப் பின்னால் வரும் சிறிய குறியைக் கூட்டியே படிக்கிறோம். முன்னால் வரும்போதுதான் வழி பிரிகிறது. ரோம முறையில் எக்ஸ் பத்து, சி நூறு. எக்ஸை அடுத்து சி வந்தால் நூறில் பத்துப் போக 90. தமிழில் முன்னால் நிற்பது பெருக்கும் எண் என்பதால், அதே 90 ஐ ஒன்பது பத்துகளாக ௯௰ என்று எழுதுவர். ௱௪ என்பதை எந்த முறையில் படித்தாலும் 104 தான் வரும். ஆகவே ரோமப் பழக்கத்தோடு படிப்பவருக்குச் சில பக்கங்கள் வரை தவறு தெரியாமலே போகக்கூடும். ௰௪ பதினான்கு, ௪௰ நாற்பது. ௲௱ ஆயிரத்து நூறு, ௱௲ ஒரு லட்சம். பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு முன் ௧ போடுவதில்லை.

முகப்பு எண்ணை இப்படிப் பிரிக்கலாம்: ௲ ஆயிரம், ௮௱ எண்ணூறு, ௯௰ தொண்ணூறு, ௬ ஆறு. இதே ஆண்டை இட மதிப்பு முறையில் ௧௮௯௬ என்றும் எழுதுவதுண்டு. இரண்டும் ஒரே ஏட்டில் கலந்திருந்தாலும் வியப்பில்லை. ஏட்டில் வருடத்தைக் குறிக்கும் ௵ குறிக்கு முன் துன்முகி என்ற தமிழ் வருடப் பெயர் இருந்தால் ஆண்டு உறுதியாகும். 1896 சித்திரையில் தொடங்கியது அந்த வருடம். சித்திரைக்கு முந்திய பதிவுகளில் மன்மத என்று இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருவதால், பெயரை மட்டும் நம்பி ஆண்டைக் கணிக்க வேண்டாம்.

கையெழுத்தில் ௧ இன் வால் சுழிந்தால் ௯ ஆகிவிடும். ௪ இன் வால் நீண்டால் ௬. வரவைக் குறிக்கும் ௷, பற்றைக் குறிக்கும் ௶, மேற்படி என்பதற்கான ௸ ஆகியவற்றை எண்களாகக் கொள்ளக் கூடாது. இலங்கை ரூபாய் 1872 முதல் நூறு சதமாகக் கணக்கிடப்பட்டது. இந்திய ரூபாய்க்கோ அப்போது பதினாறு அணா. ஆகையால் ரூபாய்க்குப் பின் வீசம் (பதினாறில் ஒன்று), அரைக்கால் (எட்டில் ஒன்று) முதலிய பின்னக் குறிகள் வந்தால், அது இந்தியாவோடு நடந்த கொடுக்கல்வாங்கலா என்று பாருங்கள்.

ஐயம் தீராத தொகை இருந்தால் அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகையிலிருந்து மற்றவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவதே அந்த எண்.