டிவியில் பதிவு செய்ததைச் சின்னதாக்குவது எப்படி? – கேள்வி பதில்

செட் டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: வெட்டுவது முதலில், சுருக்குவது கடைசியில். என்னிடம் வந்த சிக்கல்களில் பாதி இந்த வரிசையை மாற்றிச் செய்ததால் வந்தவைதான்.

கேள்வி (திண்டுக்கல்): அண்ணா, ஃப்ரீ டிஷ் பாக்ஸில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் 1.8 ஜிபி ஆகிறது. இதே படம் நெட்டில் 400 எம்பிக்குக் கிடைக்கிறது. என் பாக்ஸில் கோளாறா?

கோளாறு இல்லை. நொடிக்கு 1 மெகாபிட் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி ஆகும், இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சேனல் நொடிக்கு 4 மெகாபிட்டில் வருகிறது, அதனால் 1800 எம்பி. பாக்ஸ் எதையும் சுருக்குவதில்லை, செயற்கைக்கோளிலிருந்து வந்ததை அப்படியே பென் டிரைவில் கொட்டுகிறது, அதுதான் அந்த டிஎஸ் ஃபைல். ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்கும் முறையில் வரும் சேனல்கள் உண்டு. அது 1990களின் நுட்பம். 2003இல் வந்த எச்.264 அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் கொடுத்துவிடும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். வீடியோ பகுதியில் எச்.264, கான்ஸ்டன்ட் குவாலிட்டி, ஆர்எஃப் எண் 20. எண் குறையக் குறையத் தரமும் கூடும், அளவும் கூடும். சாதாரண எஸ்டி (எச்டி அல்லாத) சேனலுக்கு 18 முதல் 22 வரை வைக்கலாம், என் கண்ணுக்கு 20 போதும். இப்படிச் செய்தால் எனக்கு ஒரு மணி நேர நாடகம் 600 முதல் 800 எம்பிக்குள் வந்துவிடுகிறது, நாலு பேர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சி இன்னும் குறையும். கிரிக்கெட் மட்டும் குறையாது, ஏனென்றால் புல்லும் கூட்டமும் கேமராவோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும்போது முந்தைய ஃபிரேமிலிருந்து, அதாவது வீடியோவின் முந்தைய தனிப் படத்திலிருந்து, எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை.

தொடங்கும் முன் விஎல்சி பிளேயரில் டூல்ஸ் மெனுவுக்குப் போய் கோடெக் இன்ஃபர்மேஷன் பாருங்கள், வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டது என்று அதில் தெரியும். ஏற்கெனவே எச்.264 என்று காட்டினால் பெரிய லாபம் இருக்காது, மறுபடி சுருக்கித் தரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (சேலம்): 700 எம்பிக்குள் வர வேண்டும் என்று அளவை முதலிலேயே சொல்லிவிட முடியாதா?

முடியும், ஆனால் வேண்டாம். 700 எம்பி என்பது சிடி காலத்து அளவு. இரண்டரை மணி நேரப் படத்தையும் அரை மணிச் செய்தியையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், செய்திக்கு இடம் வீணாகும். தரத்தை நீங்கள் சொல்லுங்கள், அளவை மென்பொருள் முடிவு செய்யட்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): விளம்பரங்களை எப்போது வெட்டுவது? சுருக்கிய பிறகு வெட்டினால் வேலை சுலபமாக இருக்கிறதே.

சுலபம்தான், ஆனால் தூக்கிப் போடப்போகும் விளம்பரத்தையும் கம்ப்யூட்டர் உட்கார்ந்து சுருக்கியிருக்கும் இல்லையா? நம் ஊரில் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. அதை எடுத்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, படத்தின் தரத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாமல்.

அவிடெமக்ஸ் அல்லது லாஸ்லெஸ்கட் என்ற வெட்டும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அவிடெமக்ஸில் வீடியோ, ஆடியோ இரண்டுக்கும் காப்பி என்று வைத்து, வேண்டாத இடத்தைக் குறித்து, அழித்து, சேமித்தால் இரண்டு நிமிட வேலை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா ஃபிரேமும் முழுப் படம் கிடையாது. கீஃபிரேம் மட்டும்தான் முழுசு, மற்றவை 'முந்தைய படத்திலிருந்து இவ்வளவு மாறியிருக்கிறது' என்ற குறிப்புகள். ஆகவே துண்டு கீஃபிரேமில்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சில நொடி சாம்பல் நிறத்தில் கலங்கித் தெரியும். எம்பெக்-2இல் அரை நொடிக்கு ஒரு கீஃபிரேம் வந்துவிடும், அதனால் பெரிய இழப்பு இல்லை. எச்.264 சேனல்களில் இடைவெளி கூடுதலாக இருக்கும், அங்கே விளம்பரத்தின் வால் ஒரு நொடி ஒட்டிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, பேச்சின் முதல் சொல்லை இழந்துவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை): சுருக்கிய வீடியோவில் யாராவது கையை வேகமாக அசைத்தால் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வருகின்றன. மூல ஃபைலை டிவியில் போட்டால் கோடு இல்லை. என்ன தவறு செய்தேன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் இழந்தது திரும்பக் கிடைக்கவில்லை.

எஸ்டி டிவி ஒளிபரப்பில் நொடிக்கு 25 முழுப் படங்கள் என்று சொல்வார்கள், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு அரைப் படங்களாக வருகிறது. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் அடுத்த ஃபீல்டு, நொடிக்கு 50 ஃபீல்டுகள். இதைத்தான் இன்டர்லேஸ் என்கிறோம். இரண்டு ஃபீல்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு பங்கு நொடி கடந்திருக்கும், அதற்குள் கை நகர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே படமாக ஒட்டினால் கையின் ஓரம் வரிக்கு வரி இடம் மாறித் தெரியும். டிவிக்கு இது தெரியும், தானே சரி செய்து காட்டும். நீங்கள் சுருக்கும்போது டீஇன்டர்லேஸ் செய்யாமல், அதாவது ஃபீல்டுகளைக் கோடில்லாத முழுப் படங்களாக மாற்றாமல் விட்டால் அந்தக் கோடுகள் படத்தோடு சேர்ந்து பதிந்துவிடும்.

என் அக்கா மகள் ஆடிய பரதநாட்டியம் ஓர் உள்ளூர் சேனலில் ஒருமுறை வந்தது. பதிவு செய்து, போனில் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று 640க்கு 360 ஆகச் சுருக்கி, மூலத்தை அழித்துவிட்டேன். டீஇன்டர்லேஸ் செய்யவில்லை. உயரத்தைக் குறைக்கும்போது பக்கத்து வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலந்தபின் எது எந்த ஃபீல்டு என்று பிரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. அடவு வேகம் எடுக்கும் இடத்திலெல்லாம் அவள் கைகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. அந்த நிகழ்ச்சி மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை.

ஆகவே டீஇன்டர்லேஸ் முதலில், அளவைக் குறைப்பது பிறகு. ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதியில் டீகோம்ப் என்று வைத்தால் கோடு உள்ள ஃபிரேமை மட்டும் தொடும், மற்றவற்றை விட்டுவிடும். டிவியில் வரும் சினிமா பெரும்பாலும் முழுப் படங்களாகத்தான் இருக்கும், அதற்கு டீஇன்டர்லேஸ் தேவையில்லை, கட்டாயமாகச் செய்தால் கூர்மை போகும். டீகோம்ப் அங்கே பாதுகாப்பு. நடனம், விளையாட்டு என்றால் பாப் என்ற தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள், 50 ஃபீல்டும் 50 ஃபிரேமாக மாறும். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஃபிரேம் வேகம் 25 என்று பூட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்து 50 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பாப் செய்ததில் பாதி கொட்டிப்போகும்.

கேள்வி (ஓசூர்): கட்டண டிடிஎச் பாக்ஸில் பதிவு செய்தவை கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. வழி சொல்லுங்கள் சார்.

அவை அந்தப் பாக்ஸுக்கு மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்டவை. உடைக்கும் வழி என்னிடம் கேட்க வேண்டாம். இலவச சேனல்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

கேள்வி (நாகர்கோவில்): இரண்டு மணி நேரக் கச்சேரி மூன்று ஃபைலாக வந்திருக்கிறது. தனித்தனியாக மாற்றி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம்.

பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டதாக இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் பாக்ஸ் துண்டு போடுகிறது. சில பாக்ஸ்கள் அதற்கு முன்பே துண்டாக்கிவிடும். வெட்டும் இடம் தாளம் பார்த்து வருவதில்லை, ஒரு ஃபிரேமின் நடுவிலேயே விழும். தனித்தனியாக மாற்றினால் அந்த ஃபிரேமின் இரண்டு பாதியும் போய்விடும், நீங்கள் கேட்கும் 'டக்' அதுதான்.

மாற்றுவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். டிஎஸ் ஃபைல் 188 பைட் பொட்டலங்களின் வரிசை. வாலோடு தலையை வைத்தால் தானே சேர்ந்துகொள்ளும், எந்த மென்பொருளும் வேண்டாம். விண்டோஸில் காப்பி கட்டளையை பைனரி முறையில் கொடுத்து, மூன்று ஃபைல் பெயரையும் வரிசையாகக் கூட்டல் குறி போட்டு எழுதினால் போதும். எம்பி4 ஃபைல்களை மட்டும் இப்படி ஒட்ட முடியாது.

கேள்வி (நியூ ஜெர்சி): கூரையில் ஆன்டெனா வைத்து டியூனர் மூலம் பதிவு செய்கிறோம். ஒரு மணி நேரம் 6 ஜிபி, சில நேரம் அதற்கும் மேல். எச்.265 போடலாமா?

அங்கே உள்ள ஏடிஎஸ்சி என்ற டிஜிட்டல் டிவி முறை ஒளிபரப்பில் ஒரு அலைவரிசைக்கு நொடிக்கு 19.39 மெகாபிட் வரை உண்டு, மேலே சொன்ன கணக்கைப் போட்டால் மணிக்கு 8.7 ஜிபி. அதுவும் எம்பெக்-2, அதனால் சுருக்க நிறைய இடம் இருக்கிறது. ஏபிசி, ஃபாக்ஸ் 720 வரி, முழு ஃபிரேம், டீஇன்டர்லேஸ் வேண்டாம். என்பிசி, சிபிஎஸ் 1080 வரி, இன்டர்லேஸ், கட்டாயம் வேண்டும்.

எச்.264க்கு அடுத்த தலைமுறையான எச்.265 போடலாம், இடம் நன்றாக மிச்சமாகும். ஆனால் மாற்ற நேரம் பல மடங்கு ஆகும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் பழைய டிவியில் ஓடாமல் போகவும் கூடும். அவர்களுக்கு அனுப்புவதென்றால் எச்.264 போதும். அப்புறம், கிராபிக்ஸ் கார்டை வைத்து வேகமாகச் சுருக்கும் என்கோடர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவசரத்துக்கு நல்லது, ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாக வரும். வைத்துக்கொள்ளப்போவதை ராத்திரி முழுக்க ஓடவிட்டாவது பிராசஸரிலேயே செய்யுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): மழை நாளில் பதிவு செய்தது. மாற்றிய பிறகு வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

மழையில் சிக்னல் போனபோது பொட்டலங்கள் விழுந்திருக்கும், படத்தில் 2 நொடி, ஒலியில் ஒன்றரை நொடி என்று ஏறுக்குமாறாக. மூல ஃபைலில் ஒவ்வொன்றிலும் நேர முத்திரை இருப்பதால் பிளேயர் சமாளித்துவிடும். மாற்றும் மென்பொருள் சில நேரம் ஓட்டையைக் கவனிக்காமல் இழுத்து ஒட்டிவிடுகிறது.

விஎல்சியில் ஜே, கே விசைகளை அழுத்தினால் ஒலி 50 மில்லிநொடி முன்னும் பின்னும் நகரும். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே நகர்த்தலில் சரியாகிவிட்டால் அந்த எண்ணை அவிடெமக்ஸில் கொடுத்து முடித்துவிடலாம். நடுவில் திடீரென்று மாறினால் அங்கேதான் சிக்னல் போயிருக்கிறது. எம்பெக்-2 என்றால் புராஜெக்ட்எக்ஸ் என்ற பழைய ஜாவா மென்பொருளில் மூலத்தைப் போடுங்கள், ஓட்டைகளைக் கண்டுபிடித்து ஒலியையும் படத்தையும் ஒன்றாக நேர் செய்யும். தோற்றம் பழசு, இந்த வேலைக்கு நான் இன்றும் அதைத்தான் திறக்கிறேன்.

கேள்வி (விழுப்புரம்): மாற்றியதும் எல்லார் முகமும் ஒட்டிப்போய் நீளமாகத் தெரிகிறது.

ஒளிபரப்பில் 720க்கு 576 என்று வருவது காட்டவேண்டிய அளவு அல்ல. பழைய சதுர டிவிக்கு 768க்கு 576, அகலத்திரைக்கு 1024க்கு 576 என்று விரித்துக் காட்டச் சொல்லி உள்ளே ஒரு குறி இருக்கும். ஹேண்ட்பிரேக்கில் அந்தக் குறியைக் காப்பாற்றும் அனமார்ஃபிக் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். 1080 ஆகப் பெரிதாக்க வேண்டாம், இல்லாத விவரம் வராது, ஃபைல்தான் வீங்கும்.

கேள்வி (கும்பகோணம்): ஐயா, 80களில் சென்னைத் தொலைக்காட்சியில் என் தாத்தா நாகஸ்வரம் வாசித்ததை வீட்டில் விஎச்எஸ் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு மாற்றியதில் 20 ஜிபி ஆகிவிட்டது. எப்படிக் குறைப்பது?

முதலில் அந்த 20 ஜிபியை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துவிடுங்கள், பிறகு நகலில் வேலை செய்யுங்கள். கேசட்டில் புள்ளிப் புள்ளியாக ஓடும் இரைச்சல்தான் இடத்தைத் தின்கிறது, சுருக்கும் மென்பொருளுக்கு அது ஒவ்வொன்றும் புது விவரம். இரைச்சலைக் குறைக்கும் டீநாய்ஸ் ஃபில்டரை மிக லேசாக வையுங்கள், அதிகம் வைத்தால் தாத்தாவின் முகம் மெழுகு போலாகிவிடும். படத்தின் அடியில் நடுங்கும் சில வரிகளை வெட்டிவிடலாம். பதிவு கறுப்பு வெள்ளை என்றால் கிரேஸ்கேல் தேர்வைப் போடுங்கள், கேசட் சேர்த்த பொய் நிறங்கள் போய்விடும். ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம், நாகஸ்வரத்துக்கு நொடிக்கு 192 கிலோபிட்டாவது கொடுங்கள்.

கேள்வி (பலர் கேட்டது): மூல ஃபைலை எப்போது அழிக்கலாம்?

மாற்றியதைத் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள். வேகமாக அசையும் காட்சி ஒன்று, ஒருவர் நெருக்கத்தில் பேசும் காட்சி ஒன்று. இரண்டு ஒலித்தடம் இருந்தால் இரண்டும் வந்திருக்கிறதா, மொத்த நேரம் சரியாக இருக்கிறதா, வீட்டு டிவியில் ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் நாடகத்தையும் சினிமாவையும் அழித்துவிடலாம். வீட்டு மனிதர் யாராவது அதில் இருந்தால் அழிக்காதீர்கள், விளம்பரத்தை மட்டும் வெட்டிவிட்டு டிஎஸ் ஆகவே வையுங்கள். 2 டிபி டிஸ்க் ஒன்றில் மணிக்கு 1.8 ஜிபி வீதம் 1100 மணி நேரம் கொள்ளும்.