புதுச்சேரியில் டூப்ளே வீடு எங்கே இருக்கிறது?

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரை ஒரு நாள் பயணமாகப் புதுச்சேரிக்கு அழைத்துப்போகிறேன். பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளே வாழ்ந்த வீடு, பிரெஞ்சு வீதிகள், ஆரோவிலில் உள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திரின் உள்பகுதி எல்லாம் சேர்த்து ஒரு டிராவல்ஸ்காரர் பேக்கேஜ் சொல்கிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் காட்டுவதாகச் சொல்லும் வீடே இன்று இல்லை. டூப்ளே 1754இல் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இப்போது ‘ஒயிட் டவுன்’ என்கிற அந்தப் பிரெஞ்சுப் பகுதியில் நீங்கள் பார்க்கும் மஞ்சள் சுவர் வீடுகள் எல்லாம் 1765க்குப் பிறகு எழுந்தவை. ஏதோ ஒரு வாசலில் நிறுத்தி ‘இதுதான் டூப்ளே மாளிகை’ என்று யாராவது கதை சொல்லிக் காசு கேட்கலாம். நம்பாதீர்கள்.

மாத்ரி மந்திர் விஷயம் இன்னும் மோசம். உள்ளே தியானத்துக்குப் போக நீங்களே முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். தரகர் கையில் டிக்கெட் கிடையாது. வெளியே நின்று பார்க்க, ஆரோவில் பார்வையாளர் மையத்தில் இலவசமாகவே அனுமதிச் சீட்டு தருகிறார்கள். அதற்கும் ‘என்ட்ரி சார்ஜ்’ என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். தவிர, ஒரே நாளில் ஆரோவிலையும் திணித்தால் பெரியவர்கள் அசந்துபோவார்கள். விட்டுவிடுங்கள்.

டூப்ளே காலத்தைத் தொட்டுப் பார்க்க ஆசையென்றால், ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதிக்கு வாருங்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர்; 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் ஊர் முற்றத்து வீடு, மேல்தளம் வெள்ளைச் சுதைத் தூண்களோடு பிரெஞ்சு பாணி. இரண்டு நாகரிகங்கள் ஒரே சுவரில் அடுக்கி நிற்பதை அங்கேதான் பார்க்கலாம். ஆனால் அது தனியார் வீடு. அனுமதி கேட்டு, கிடைத்தால் மட்டும் உள்ளே போங்கள், கிடைக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அப்புறம் வைசியாள் வீதியில் திண்ணை, தாழ்வாரம் வைத்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

இப்படிப்பட்ட வீடுகளின் வாசலில் இரண்டு வரி எழுதிய பலகை வைத்தாலே பாதிப் பொய்க் கதைகள் ஒழிந்துவிடும். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதிலும் அலட்சியம்தான். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகம்), பழுதுபார்க்கப் பேசிக்கொண்டே இருந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. இன்று நிற்பது புதிதாகக் கட்டி 2021இல் திறந்தது. நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

சரி, உங்கள் நாளுக்கு வருவோம். காலையில் பாரதி பூங்கா ஆயி மண்டபம், அதை ஒட்டிய வீதிகள், மணக்குள விநாயகர் கோயில். எல்லாம் நடக்கிற தூரம்தான். வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள்; ஊருக்குத் தெற்கே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகள் அங்கே இருக்கின்றன. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை, பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம்.

ஆட்டோ பிடித்தால் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிட்டு, ‘கடைக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். வழியில் ஒரு கைவினைக் கடையில் நிறுத்தினால், அவருக்கு அங்கே கமிஷன் இருக்கக்கூடும்.